டேர் மான்டெல்

ஜெர்மன் படிக்கத் தொடங்கியிருக்கும் நண்பர்களே, உடைப் பெயர்களின் பாலை அணிகிறவரை வைத்து ஊகிக்காதீர்கள். ஒருமையில் பெயருக்கு முன்னால் நிற்கும் டேர், டீ, டாஸ் என்ற சிறு சொல்தான் பாலைக் காட்டும். பாவாடை அங்கே ஆண்பால்: டேர் ரொக். ஆண்கள் கட்டும் டை பெண்பால்: டீ க்ரவாட்டெ. சட்டை இரண்டிலும் சேராது, டாஸ் ஹெம்ட்.

எனக்கு மிகவும் பிடித்தது மேல்கோட்டு, டேர் மான்டெல். 'எல்' என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் ஆண்பால்தான், அதனால் சட்டென்று மனதில் நின்றுவிடும். அப்புறம் வேற்றுமை. நமக்குக் கோட்டை, கோட்டுக்கு என்று சொல்லின் கடைசியில்தான் எல்லாம் நடக்கும். அவர்களுக்கு முன்னால் நிற்கும் சிறு சொல் மாறுகிறது: 'கோட்டை' என்றால் டேன் மான்டெல், 'கோட்டுக்கு' என்றால் டேம் மான்டெல். 'கோட்டின்' என்னும்போது மட்டும் சொல்லிலும் ஒரு 'ஸ்' ஒட்டும், டெஸ் மான்டெல்ஸ். பன்மையில் நடு உயிரே மாறிவிடும், டீ மென்டெல். 'கோட்டுகளுக்கு' என்றால் டேன் மென்டெல்ன்.

அந்தக் கடைசி 'ன்' எவ்வளவு அழகு! பழைய ஜெர்மனில் பெயர்ச்சொற்களின் இறுதியிலேயே வேற்றுமை இன்னும் தெளிவாகத் தெரியும். அதில் தேய்ந்தும் பிழைத்திருக்கும் மிச்சம் இது.

டூடன் என்ற ஜெர்மன் அகராதியில் பெரும்பாலான பெயர்ச்சொற்களுக்குப் பாலோடு, 'கோட்டின்' என்பது போன்ற வேற்றுமை வடிவமும் பன்மையும் இருக்கும். மூன்றையும் சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள்.