கூண்டு ஏற்றாத ஊர்

வானிலை அறிக்கையைக் கேட்டு ஒரு மேசை நிறையப் பேர் மகிழ்ந்ததை நான் பெல்ஜியத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கெண்ட் நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிது, வசந்த காலம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் கைப்பேசியைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஐந்து டிகிரி, விடாத மழை, மேற்கிலிருந்து பலத்த காற்று என்று வாசித்தார். எல்லா முகங்களும் மலர்ந்தன. ஒருவர் மேசையைத் தட்டினார். "நல்ல பந்தயம் பார்க்கலாம்" என்றார் இன்னொருவர். சைக்கிள் பந்தயத்தைத்தான் சொன்னார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் பிறந்தவன். பலத்த காற்று என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் வீட்டில் அடுப்படிப் பேச்சு நின்றுவிடும். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது என்று பார்த்துவர ஒரு பையன் ஓடுவான். யார் படகு கரைக்கு வந்தது, யார் படகு இன்னும் வரவில்லை என்று பெண்கள் வாசலில் நின்று பேசிக்கொள்வார்கள். புயல் செய்திக்குச் சிரித்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும்தான், அதுவும் ஆட்சியர் விடுமுறை விடுவார் என்ற ஆசையில். வளர்ந்த மனிதர்கள், அதுவும் அடுத்தவன் நனையப்போகிறான் என்பதற்காக, இப்படி மகிழ்வார்கள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த ஊரில் சைக்கிள் பந்தயம் என்ன இடத்தில் இருக்கிறது என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. கெண்ட் இருக்கும் இந்தப் பகுதியின் பெயரிலான ஃபிளாண்டர்ஸ் சுற்றுப் பந்தயம் 1913இல் தொடங்கியது. ஏப்ரல் முதல் வாக்கில் அது நடக்கும் ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்த் தேர்த் திருநாள்தான். ஔடெனார்டே பக்கத்துக் குன்றுகளில் கருங்கல் பாவிய குறுகலான பாதைகள். அவற்றின் இருபுறமும் காலையிலிருந்தே சனம் நெருக்கியடித்து நிற்கும். பாட்டிமார்கூட மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இளமையில் உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட்டியவர். 1985ஆம் ஆண்டுப் பந்தயத்தைப் பற்றி அவரிடம் கேட்டால் போதும், எழுந்து நின்றுதான் பேசுவார். புயல் மழையில் நடந்த பந்தயம் அது. எரிக் வாண்டெரார்டென் வென்றார். முடிவுக்கோட்டைத் தொட்டவர்கள் மொத்தம் 24 பேர். "வெயில் அடித்த ஆண்டுகளில் யார் வென்றார்கள் என்று எனக்கு மறந்துவிடும். மழை பெய்த ஆண்டுகள் மறக்காது" என்பார்.

அவரோடு போய்த்தான் நானும் இதில் விழுந்தேன். முதலில் என்னை இழுத்தது காற்று. டிவியில் பார்க்கும்போது சைக்கிள் கூட்டம் ஏதோ ஒன்றாகப் போவதாகத்தான் தோன்றும். பக்கவாட்டுக் காற்று அடிக்கும் சமவெளியில் நேரில் பார்த்தால்தான் உள்ளே நடக்கும் போர் தெரியும். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்கிறார், பின்னால் வருகிறவர் அவர் மறைவில் வலுவைச் சேமிக்கிறார். காற்று பக்கத்திலிருந்து அடித்தால் மறைவும் பக்கவாட்டில்தான் கிடைக்கும். எனவே வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்வாக அணிவகுக்கிறார்கள். சாலையின் அகலம் முடிந்த இடத்தில் மறைவும் முடிந்துவிடுகிறது. அந்த வரிசையில் இடம் கிடைக்காதவர்கள் ஓரத்துப் புல்லோடு ஒட்டிக்கொண்டு, மறைவே இல்லாமல் மிதித்து மிதித்துக் களைத்து அறுந்துபோகிறார்கள். கூட்டம் துண்டு துண்டாகச் சிதறுகிறது. வலிமையான அணிகள் இதற்காகவே காத்திருந்து, சாலை திரும்பும் இடத்தில் ஒரே மூச்சாக வேகம் பிடிக்கும். திசை மாறும் அந்த ஒரு நொடியை எங்கள் அப்பா பார்த்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார். காற்றைப் படிப்பதுதான் அவருக்கும் பிழைப்பு.

2015ஆம் ஆண்டு கெண்ட்–வெவெல்கெம் பந்தயக் காட்சிகளைப் பெரியவர் எனக்குக் காட்டினார். வெட்டவெளியில் வீசிய காற்று வீரர்களை அப்படியே தூக்கிச் சாலைக்கு வெளியே வைத்தது. கெரெய்ன்ட் தாமஸ் போன்ற வல்லவரையே ஓரத்துப் பள்ளத்தில் தள்ளியது. எழுந்து வந்து மூன்றாம் இடம் பிடித்தார் மனிதர்! இத்தாலியின் லூகா பாவோலினி வென்றார். முடித்தவர்கள் 39 பேர். பார்க்கப் பார்க்க எனக்குக் கஜா புயல் கரையைக் கடந்த 2018 நவம்பர் இரவு நினைவுக்கு வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நானும் தம்பியும் முதுகைக் கொடுத்து நின்ற இரவு. விடிந்து வெளியே வந்தால் வேதாரண்யம் வரைக்கும் தென்னை ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. பெரியவர் மூன்றாம் முறையாக அந்தக் காட்சியைப் பின்னோட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

குளிர் இப்போது எனக்குப் பழகிவிட்டது. மழைக்கோட்டு இல்லாமல் கடைக்குப் போய்வருகிறேன். அக்கம்பக்கத்தார் போலவே மேகத்தைப் பார்த்து இன்னும் அரை மணியில் மழை என்று கணக்குச் சொல்கிறேன். ஆனாலும் ஐப்பசியில் இங்கே நாள் முழுக்கத் தூறினால் மூக்கு தானாகக் கருவாட்டுக் குழம்பைத் தேடுகிறது. படகுகள் போகாத நாட்களில் பச்சை மீன் இருக்காது. அம்மா பானையைத் திறந்து நெத்திலிக் கருவாட்டை எடுப்பாள். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுக் கொதிக்கும் அந்தக் குழம்பின் மணத்தோடு, அப்பா வீட்டில் இருக்கிறார் என்ற நிம்மதியும் சேர்ந்திருக்கும். எனக்கு மழை என்றால் அதுதான்: போகவேண்டியவர் போகாமல் வீட்டில் இருப்பது.

2024 ஏப்ரல் 17ஆம் தேதி நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பெல்ஜியத்தின் தெற்கே, வலோனியப் பகுதியில் லா ஃபிளெஷ் வலோன் பந்தயம். ஹுயி என்ற ஊரில், 'மதில்' என்று அழைக்கப்படும் செங்குத்தான ஏற்றத்தில் முடியும். 1.3 கிலோமீட்டர்தான், ஆனால் நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும். பெரியவரோடு காரில் போனேன். நான் குடுவையில் கொண்டுபோன சுக்குக் காப்பியை வாங்கி ஒரு மடக்குக் குடித்தவர், கண்ணில் நீர் வர இருமிவிட்டு, கோப்பையை மீண்டும் நீட்டினார். அன்றிலிருந்து அது இல்லாமல் அவர் பந்தயத்துக்குக் கிளம்புவதில்லை. ஊரில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. வெயில் கொளுத்துகிறது என்று அம்மா காலையில் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். இங்கே மழையும் பனிக்கட்டியும் கலந்து முகத்தில் அறைந்தன.

முதலில் உற்சாகமாகத்தான் இருந்தது. பிறகு வந்த முகங்களைப் பார்த்தேன். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. தாடை ஆடிக்கொண்டிருந்தது. கையுறையைப் பல்லால் இழுக்கப் பார்த்து முடியாமல் விட்டார் ஒருவர். டென்மார்க்கின் மத்தியாஸ் ஷெல்மோசெ நடுங்கி நடுங்கிச் சைக்கிளில் நிற்கக்கூட முடியாமல் போக, அணியின் ஆட்கள் அவரைத் தாங்கித் தூக்கிச் சென்றார்கள். அந்தக் காட்சியைப் பிறகு உலகமே பார்த்தது. வில்லியம்ஸ் என்ற இளைஞர் வென்றார், முதன்முறையாக ஒரு பிரிட்டன்காரர். அருமையான ஓட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முடித்தவர்கள் 44 பேர்தான்.

அன்று இரவு முழுக்க எனக்கு அந்தக் கைகள்தான். சைக்கிள்காரருக்கு விரல்தான் பிரேக், விரல்தான் கியர், விரல்தான் சாப்பாடு. ஏற்றத்தில் மிதிக்கும்போது உடம்பு சூடு தரும். இறக்கத்தில் மிதிப்பது நிற்கும், நனைந்த துணியின் மேல் மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் காற்று பாயும். விரல் மரத்தால் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது. சாப்பிடாவிட்டால் உடம்பில் எரிய எதுவும் இராது, இன்னும் குளிரும். கொழுப்பே இல்லாத அந்த மெலிந்த உடம்புகளுக்கு இதைத் தாங்கப் போர்வை ஏது?

1980இல் லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் பந்தயம் பனிப்பொழிவில் நடந்தது. பிரான்சின் பெர்னார் ஈனோ எண்பது கிலோமீட்டர் தனியாக ஓட்டி, ஒன்பது நிமிடத்துக்கும் மேற்பட்ட இடைவெளியில் வென்றார். கிளம்பிய 174 பேரில் 21 பேர் முடித்தார்கள். அந்தப் படத்தை இங்கே மதுக்கடைச் சுவர்களில் பார்க்கலாம். படத்தில் தெரியாதது, அவருடைய இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு முழுமையாகத் தேறவே இல்லை என்பது. 1988 ஜூன் 5ஆம் தேதி, இத்தாலியைப் பல நாள் சுற்றும் ஜீரோ (Giro) பந்தயம் 2,600 மீட்டருக்கு மேல் இருக்கும் காவியா கணவாயைப் பனியில் கடந்தது. அமெரிக்காவின் ஆண்டி ஹாம்ப்ஸ்டெனின் அணியினர் அன்று காலையே பனிச்சறுக்குக் கடைகளில் கையுறையும் தொப்பியும் வாங்கி வந்திருந்தார்கள். மொத்த நேரக் கணக்கில் முன்னணியில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையை ஹாம்ப்ஸ்டென் அன்று அடைந்தார். அதே கணவாயின் உச்சியை முதலில் தொட்டவர் யொஹான் வான் டெர் வெல்டெ, அரைக்கைச் சட்டையில். இறக்கத்தில் உறைந்துபோய் வண்டி ஒன்றில் ஒதுங்கினார். முக்கால் மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக வந்து சேர்ந்தார். ஒரு சோடிக் கையுறைக்குள் ஒருவரின் பந்தயம் இருந்திருக்கிறது.

இதையெல்லாம் வீரக்கதையாகச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர்களை விடத் துணிந்தவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் கூண்டு ஏறிவிட்டால் அவர்கள் போகமாட்டார்கள். வலையைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்ப்பார்கள். அவர்களைக் கோழை என்று சொன்னவன் ஊரில் இருந்திருக்க முடியாது. நிற்கத் தெரிந்தவன்தான் கடலைத் தெரிந்தவன் என்று எண்ணியே நாங்கள் வளர்ந்தோம்.

சைக்கிள் உலகத்திலும் அப்படி நின்றவர்கள் உண்டு. 2013 மிலான்–சான் ரேமோ பந்தயத்தில் தலைக்கவசத்தின் மேல் பனிக்கட்டி படிந்தது. ஒவாடாவில் பந்தயத்தை நிறுத்தி, வீரர்களைப் பஸ்களில் ஏற்றி, துர்க்கினோ கணவாயைத் தாண்டிக் கோகோலெத்தோவில் மறுபடி இறக்கிவிட்டார்கள். டாம் போனென் மறுபடி பந்தயத்தில் இறங்கவில்லை. பாரி–ரூபே பந்தயத்தை நான்கு முறையும் ஃபிளாண்டர்ஸை மூன்று முறையும் வென்றவர், இந்த மண்ணின் செல்லப்பிள்ளை. அவர் போதும் என்று சொன்னபோது, மழையைக் கேட்டு மேசையைத் தட்டுகிறவர்களும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அதற்குப் பிறகுதான் சர்வதேசச் சைக்கிள் சங்கம் கடும் வானிலைக்கான நடைமுறையை வகுத்தது. உறைமழை, சாலையில் பனி, பலத்த காற்று, கடும் வெப்பம் அல்லது குளிர், பார்வைக்குறைவு, காற்று மாசு ஆகியவை வந்தால் அமைப்பாளர், வீரர்கள், அணிகள், மருத்துவர், நடுவர் எல்லோரும் கூடிப் பேசவேண்டும். பாதையை மாற்றலாம், சுருக்கலாம், ரத்துசெய்யலாம். 2016 மார்ச்சில், பல நாள் ஓடும் பாரி–நீஸ் பந்தயத்தில் மோன் புரூயி குன்றில் முடியவேண்டிய ஒரு நாள் கட்டம் பனியால் ரத்தானது. நல்ல தொடக்கம்.

எனக்கு அது போதவில்லை. எத்தனை டிகிரிக் குளிரில், எந்த வேகக் காற்றில் நிறுத்தவேண்டும் என்று எழுதிவைக்காமல், பேசி முடிவெடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். பேச்சுக்கு உட்காருகிறவர்களில் பந்தயத்தை நடத்திப் பிழைப்பவரும் இருக்கிறார். 2020 அக்டோபரில் ஜீரோவின் மோர்பெனியோ–ஆஸ்தி கட்டத்தில் என்ன நடந்தது? 258 கிலோமீட்டர், கொட்டும் மழை. காலையில் தொடக்கக் கோட்டில் வைத்து வீரர்கள் மறுத்த பிறகுதான் தூரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கெஞ்சி வாங்கவேண்டிய பொருளா அது?

எங்கள் ஊரில் கூண்டு ஏற்றச் சொல்லும் வானிலை ஆய்வு மையத்துக்கு மீன் விற்பனையில் பங்கு கிடையாது. அதனால்தான் அந்தக் கூண்டுக்கு மதிப்பு. பந்தயத்திலும் அப்படி ஒரு வெளியாள் வேண்டும். முந்தின நாள் மாலையே அளவைப் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடவேண்டும். வீரர்கள் கேட்கவேண்டிய நிலையே வரக்கூடாது.

பெரியவரிடம் இதைச் சொல்லிவிட்டேன். நாகப்பட்டினத்துத் துறைமுகக் கூண்டின் படத்தைக்கூடக் கைப்பேசியில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். காற்றுக்கு அளவு வைக்கலாம், அது நியாயம் என்றார். குளிருக்கு வைத்தால் ஃபிளாண்டர்ஸில் வசந்தமே இருக்காது என்கிறார். குளிருக்கும் அவரைச் சம்மதிக்கவைக்கும் வரை நான் விடுவதாக இல்லை.