இரண்டு திரிபுகளும் எந்தக் குரோமோசோமில்? மகளின் மரபணுப் பரிசோதனை அனுபவம்

மகளுக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் இருக்கலாம் என்று ஐயப்பட்ட மருத்துவர், முதலில் வியர்வைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பைலோகார்பின் என்ற மருந்தை மெல்லிய மின்னோட்டத்தின் துணையுடன் முன்கைத் தோலில் செலுத்தி, அங்கே சுரக்கும் வியர்வையைச் சேகரித்து, அதிலுள்ள குளோரைடை அளக்கிறார்கள், ஊசி குத்துவதில்லை. லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய் இருப்பதற்கான வலுவான சான்று. 30-க்குக் கீழே இருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. மகளின் அளவு இரண்டுக்கும் இடையில் நின்றதால் மரபணுப் பரிசோதனை தேவைப்பட்டது.

நோயின் வேர் சி.எஃப்.டி.ஆர். என்ற புரதத்தில் இருப்பதை மரபணு ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். 1,480 அமினோ அமிலங்களால் ஆன அது செல்லின் சவ்வில் அமர்ந்து குளோரைடு அயனிகளுக்கு வழிவிடுகிறது. அது பழுதுபட்டால் நுரையீரலில் சளி கெட்டிப்படுகிறது, வியர்வையில் உப்பு மிகுகிறது. அதற்கான மரபணு 7-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் உள்ளது, 1989-இல் கண்டறியப்பட்டது. பரவலாகக் காணப்படும் திரிபுகளை, அதாவது மரபணு வரிசையில் நேர்ந்த மாற்றங்களை, மட்டும் தேடும் பரிசோதனையும் உண்டு என்றாலும், 2,000-க்கும் மேற்பட்ட திரிபுகள் பதிவாகியுள்ள மரபணு என்பதால் முழு வரிசையையும் படிக்கும் பரிசோதனையையே கேட்டோம். இந்த நிலையில் உள்ள பெற்றோர் எவருக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

அறிக்கையில் இரண்டு திரிபுகள் இருந்தன. ஒன்று, புரதத்தின் 508-ஆம் இடத்து ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் விடுபட்டுப்போன, உலகில் மிகப் பரவலான திரிபு. அதனால் சரியாக மடியாத புரதம் சவ்வைச் சென்றடையும் முன்பே பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே சிதைக்கப்படுகிறது. மற்றொன்று அரிதானது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இரண்டு 7-ஆம் குரோமோசோம்களிலும் இந்த மரபணு பழுதுபட்டிருந்தால்தான் நோய் வரும். இரண்டு திரிபுகள் இருந்ததால் நோய் உறுதியாகிவிட்டது என்றே எண்ணினோம். ஆனால் இரண்டும் ஒரே குரோமோசோமில் அமைந்திருந்தால் மற்றொரு 7-ஆம் குரோமோசோம் நல்ல புரதத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும் என்றும், அப்போது மகள் திரிபைச் சுமப்பவள் மட்டுமே என்றும் ஆலோசகர் கூறினார். மகளின் மாதிரியில் செய்த வழக்கமான பரிசோதனை திரிபுகளைக் காட்டியதே தவிர, எது எந்தக் குரோமோசோமில் உள்ளது என்பதைக் காட்டவில்லை. அதை அறியவே எங்கள் இருவரின் இரத்தத்தையும் எடுத்தார்கள். காத்திருந்த நாட்களில் எனக்கு வேறு நினைவே இல்லை.

ஒரு திரிபு என்னிடமிருந்தும் மற்றொன்று என் மனைவியிடமிருந்தும் வந்திருந்தது, நோய் உறுதியானது. புரதத்தைச் சரியாக மடியச் செய்யும் மருந்துகள் இன்று இருப்பதால், எந்தத் திரிபு என்ற விவரம் சிகிச்சையைத் தேர்வதற்கும் உதவியது. உடன்பிறந்தவருக்கும் நோய் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால், அடுத்து மகனுக்கும் வியர்வைப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தோம்.