தம்பலகாமத்து எருமையும் மோயாற்றுப் பாறுகளும்

திருகோணமலை மாவட்டத்தில் மாட்டு டொக்டராக வேலை பார்ப்பவனுக்குச் செத்த மாடும் வேலைதான். ஒரு மாரியில் தம்பலகாமத்தில், வயலோரமாக ஓர் எருமை கன்று போடும்போது செத்துப்போனது. கிடங்கு வெட்டினால் இரண்டடியிலேயே தண்ணீர் ஊறியது. மேட்டு நிலம் பார்த்து, மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வர இரண்டு நாளாகிவிட்டது. அதற்குள் காகங்கள் கண்ணைத் தோண்டியிருந்தன. நாய்கள் பின்பக்கத்தைக் கிழித்துத் தலையை உள்ளே விட்டிருந்தன. மேல்தோல் மட்டும் பறைபோல இறுகிக் கிடந்தது. ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு ஒரு நாய் வீடுகள் பக்கம் ஓடியபோது எனக்கு வயிறு கலங்கியது.

நம் தீவில் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, குடியிருப்பதில்லை. அடுத்த வருடம் நீலகிரிப் பக்கம் போனபோது மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். காலையில் வானம் வெறுமையாக இருந்தது. வெயில் ஏறிப் பாறைகள் சூடானதும், மேலெழும் காற்றில் ஒன்று வட்டமிட்டது. சிறகடிக்கவே இல்லை. ஐந்து கிலோ அளவு உடம்பு, விரித்தால் ஆறரை அடிச் சிறகு. அதை அடித்தடித்துப் பறந்தால் தின்றதெல்லாம் பறப்பதற்கே போய்விடும்.

சட்டென்று அது கால்களைத் தொங்கவிட்டு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ இன்னும் பதினைந்து வந்துவிட்டன. இவை மணம் பிடித்து வருவதில்லை, எல்லாம் கண்தான். ஒன்று இறங்குவதைத் தூரத்தில் மிதக்கும் இன்னொன்று பார்க்கிறது, அதைப் பார்த்து அடுத்தது. கீழே செத்த புள்ளிமான். சீறலும் தள்ளுமுள்ளுமாக இருந்தாலும் ஆளுக்கொரு வேலை இருந்தது. வெண்முதுகுப் பாறுகள் மயிரற்ற கழுத்தை வயிற்றுக்குள் விட்டு மெல்லிய சதையை விழுங்கின. செந்தலைப் பாறு தோலோடும் நரம்போடும் மல்லுக்கட்டியது. சின்ன மஞ்சள்முகப் பாறு சிதறியதைப் பொறுக்கியது. நாங்கள் இரண்டு நாள் திண்டாடிய வேலை கண்முன்னே முடிந்துகொண்டிருந்தது. கழுத்துப்பை புடைத்த ஒன்று எழும்ப முடியாமல் அங்கேயே குந்தியிருந்தது.

இந்தப் பாறுகளை இந்தியாவில் கூட்டம் கூட்டமாகக் கொன்றது எங்கள் தொழிலின் ஊசி. மாட்டுக்கு வலியும் வீக்கமும் குறையப் போடுகிற டைக்குளோஃபெனாக். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போதே மாடு செத்து, பாறு தின்றால், அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடும். நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் அந்த மருந்து இருந்தாலே கூட்டம் அழியப் போதும். ஒன்று செத்தால் ஈடுகட்டுவது லேசில்லை, வெண்முதுகுப் பாறு இடுவது வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான். காரணம் வெளியே வந்தது 2004இல். இந்தியா 2006இல் மாட்டுக்குப் போடத் தடைசெய்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் அங்கே வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சியது. அந்த ஊசியைப் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னைப் போல, வலியில் துடிக்கிற மாட்டைப் பார்க்கச் சகிக்காதவர்கள். இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறாது. அதே வலிக்குப் போடக்கூடிய மெலோக்ஸிகம் என்ற மருந்து பாறுக்குப் பாதுகாப்பானது என்று அப்புறம் தெரிந்தது.

திரும்பி வந்து தம்பலகாமத்துப் பட்டிக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். எழுபது தாண்டியவர்.

"அந்தப் பிராந்து இஞ்சால வராதோ தம்பி?" என்று கேட்டார்.

"கடலுக்கு மேல் சூட்டுக்காற்று தரையில் போல எழும்பாது, ஐயா. அதை நம்பிப் பறக்கிற பறவைக்குக் கடல் தாண்டுவது கஷ்டம்" என்றேன்.

அவர் கொட்டியாரக் குடாப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நாங்கதான் புதைக்க வேணும்" என்று மண்வெட்டியை எடுத்தார். அன்றைக்குச் செத்திருந்தது ஒரு சின்னக் கன்று. பெக்கோ தேவைப்படவில்லை.