ஆஸ்பத்திரி வரட்டும், முதலில் எங்களைக் கேட்கட்டும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில், வீடுகள் நெருக்கமாக அமைந்த நாங்கள் குடியிருக்கும் தோட்டத்தின் பொதுக் குழாயடிச் சுவரில், மும்மொழியிலும் அச்சிட்ட அறிவித்தலொன்றை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டு மாமிதான் அதை முதலில் கண்டு, வாசித்துச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டார். பொதுத் தேவைக்காக அரசு காணி எடுக்க வழிசெய்யும் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ், முதற்படியாக ஒட்டப்படும் அறிவித்தல் அது. ‘பொதுத் தேவை’ என்பதற்கு மேல் காரணம் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்காகவே காணி எடுக்கப்படுகிறது என்பதைக் கிராம சேவகர் வாய்மொழியாகச் சொல்லித்தான் அறிந்தோம்.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. நடுச்சாமத்தில் நெஞ்சுவலி வந்தவரை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடியவர்கள் இங்கே பல வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால், எதற்காக எடுக்கிறார்கள் என்பது தெரியாமல் 4ஆம் பிரிவின் கீழ் எதை ஆட்சேபிப்பது? மானெல் பெர்னாண்டோ எதிர் ஜயரத்ன வழக்கில், 2ஆம் பிரிவின் அறிவித்தலிலேயே பொதுத் தேவை இன்னதென்று வெளிப்படுத்தப்பட வேண்டும் என உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்த்திருக்கிறது.

காலம் தாழ்த்த வேண்டாம் என்று எங்கள் சட்டத்தரணி திரும்பத் திரும்பச் சொன்னார். 5ஆம் பிரிவின் பிரகடனம் வந்துவிட்டால், காணி பொதுத் தேவைக்குரியது என்பதற்கு அதையே முடிவான சான்றாகச் சட்டம் கொள்கிறது. பிறகு பேச்செல்லாம் பெரும்பாலும் நட்டஈட்டைப் பற்றியதாகிவிடும். 38ஆம் பிரிவின் காப்புவாசகம், அதாவது அதிலுள்ள விதிவிலக்கு, இன்னும் கடுமையானது. அவசரம் என்று காட்டி, நட்டஈடு தீர்மானிக்கப்படுவதற்கு முன்னரே காணியைக் கையேற்க உத்தரவிடலாம். 2010இல் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதைக் கண்ட கொழும்பு மக்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ், அறிவித்தலை இரத்துச் செய்யும் எழுத்தாணையும் (ரிட்) இடைக்காலத் தடையுத்தரவும் கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறோம்.

மனுவுக்கு ஆவணம் சேர்த்த நாட்கள் என் மனதை விட்டுப் போகமாட்டா. மாமி ஒரு பிஸ்கட் பேணியைத் திறந்து, மடிப்புகளில் கிழிந்து டேப் ஒட்டிய வீட்டு உறுதிப் பத்திரத்தை வெளியே எடுத்தார். 1973ஆம் ஆண்டின் வீடமைப்பு உச்சவரம்புச் சட்டத்தால், வாடகைக்கு இருந்த அவருடைய மாமனாருக்கே சொந்தமாகிய வீட்டின் உறுதி அது. அடியில் தண்ணீர் பில்களும் மாநகர சபை வரிப் பற்றுச்சீட்டுகளும் ஆண்டுவாரியாக நூலால் கட்டிக் கிடந்தன. தோட்டத்தில் இருப்பவர்கள் எல்லாம் அத்துமீறிக் குடியேறியவர்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இவரையா அப்படிச் சொல்வது? மூலப் பிரதியைக் கைவிட மனமில்லாமல், காணிப் பதிவகத்தில் தாமே வரிசையில் நின்று சான்றுப்படுத்திய பிரதி வாங்கிவந்து தந்தார். அதுதான் மனுவின் முதல் ஆவணமாக இணைக்கப்பட்டிருக்கிறது.