கடாய் நெருப்பு: கிரிட்டாவில் வரைந்து பார்த்தது

கம்ப்யூட்டரில் படம் வரைய நெருப்பு பிரஷ் என்று இணையத்தில் தேடினால் இலவசமாகவே அள்ளித் தருகிறார்கள். பெரும்பாலும் ஃபோட்டோஷாப்புக்கான ஏபிஆர் (பிரஷ் தொகுப்பு) கோப்புகள். நான் பயன்படுத்துவது கிரிட்டா என்ற இலவச வரைகலை மென்பொருள். அதுவும் அவற்றைத் திறக்கும். ஒரு க்ளிக் செய்தால் ஒரு கொழுந்து வந்து விழும். கறுப்புத் திரையில் பார்க்க அட்டகாசமாக இருக்கும். அதையே ஒரு போட்டோவின் மேல் வைத்தால் ஒட்டவைத்தது அப்பட்டமாகத் தெரியும்.

காரணம் எளிது. இந்த பிரஷ் முனைகள் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். படத்தில் கறுப்பாக இருக்கும் இடத்தில் நாம் தேர்ந்தெடுத்த நிறம் விழும், வெள்ளை இடம் காலியாக நிற்கும். ஆரஞ்சு எடுத்து அழுத்தினால் கொழுந்து முழுக்க அதே ஆரஞ்சு, அடர்த்தி மட்டும் கூடக் குறைய. நிஜத் தீயில் ஒரு விரற்கடைக்குள் வெளிர் மஞ்சளில் தொடங்கி அடர் சிவப்பு வரை போய்விடுகிறது. அப்புறம், ஒரே வடிவம் இரண்டாவது தடவை வந்தாலே கண் பிடித்துவிடும். அதனால் அந்தத் தொகுப்புகளில் பொறி, புகை பிரஷ்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஓரம் கட்டினேன்.

இதில் இறங்கக் காரணம் எங்கள் தெரு முனையில் நிற்கும் ஃபாஸ்ட்ஃபுட் வண்டி. தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டை ஒட்டி. மாஸ்டர் அண்ணன் புது போர்டு போடுகிறார்; அவர் கடாயைச் சுண்டும் போட்டோ நடுவில், கடாயில் தீ எழும்ப வேண்டும். கூலி எக் நூடுல்ஸ். பர்மா பஜாரில் பழையதாக வாங்கிய சின்னப் பேனா டேப்லெட் என்னிடம் சும்மாதான் கிடந்தது. சரி என்றேன்.

ரெடிமேட் பிரஷ்ஷில் ஒரு மாதிரி போட்டு அவரிடம் போனில் காட்டியபோது, "இன்னா தம்பி, கடாய்ல வாழப்பூவ சொருகி வெச்சா மாரி கீது" என்றார். சொன்னது முற்றிலும் சரி. தீ எங்கிருந்து வருகிறது என்பதே அந்தப் படத்தில் இல்லை.

அதனால் சில ராத்திரிகள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடாயில் தீ நூடுல்ஸின் நடுவிலிருந்து எழுவதில்லை. மாஸ்டர் கடாயைச் சாய்த்துச் சுண்டும்போது எண்ணெய்த் துளிகளும் எண்ணெய் ஆவியும் அந்தப் பக்க விளிம்பைத் தாண்டுகின்றன. கீழே பர்னரின் நெருப்பு விளிம்பு வரை ஏறி நிற்கிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் பற்றுகிறது. அங்கிருந்து தீ கடாய்க்குள் தாவி, அடுத்த நொடி அணைந்துவிடுகிறது. ஆக, தீயின் அடிப்பகுதி சாய்ந்த விளிம்பில் இருக்க வேண்டும், நுனி மாஸ்டர் பக்கம் வளைய வேண்டும்.

பர்னருக்கு ஆரஞ்சு அடித்தால் விறகடுப்பு ஆகிவிடும் என்பதும் அங்கேதான் உறைத்தது. கேஸ் காற்றோடு முன்கூட்டியே கலந்து எரிவதால் கரித்துகள் உண்டாவதில்லை, அதனால் நீலம். எண்ணெய் எரியும்போது அந்த அளவுக்குக் காற்று கலப்பதில்லை. கரித்துகள்கள் உண்டாகி, சூட்டில் ஒளிர்கின்றன. நாம் பார்க்கும் மஞ்சளும் ஆரஞ்சும் அதுதான். சோயா சாஸ் தெறித்து நீலத்தில் விழுந்தால் பளிச்சென்று மஞ்சள் வெட்டும். அது உப்பிலிருக்கும் சோடியம், 589 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும் மஞ்சள். படத்தில் நீலத்துக்குள் இப்படி ஓரிரு மஞ்சள் கீற்று வைத்ததும் பர்னருக்கு உயிர் வந்துவிட்டது.

போனில் மாதிரிப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஆட்டோவில் எடுத்தால் தீ வெறும் வெள்ளைத் திட்டாக வரும், நிறமே பதியாது. ப்ரோ மோடுக்குப் போய் எக்ஸ்போஷரை நன்றாகக் குறைக்க வேண்டும். ஷட்டர் 1/1000 நொடி என்றால் கொழுந்துகள் கிழிந்த நாடாக்களாகத் தனித்தனியே நிற்கும். 1/30 என்றால் பட்டுத்துணி மாதிரி குழைந்துவிடும். மாஸ்டரின் போட்டோவில் காற்றில் பறக்கும் நூடுல்ஸ் கூர்மையாக உறைந்து நிற்கிறது. அதன் பக்கத்தில் குழைந்த தீயை வைத்தால் பொய் என்று தெரிந்துவிடும். எனவே 1/1000 வகைத் தீதான் வரைய வேண்டும் என்று முடிவானது.

இன்னொன்று, அளவு. சின்னத் தீயைப் பெரிதாக்கினால் பெரிய தீ ஆகாது. அகல் விளக்குச் சுடரின் ஓரம் வழவழப்பாக இருக்கும். தீ பெரிதாகப் பெரிதாகச் சுழல்கள் கூடி ஓரம் கிழியும், ஆனால் மொத்த அசைவு மெதுவாகும். எரியும் அடிப்பரப்பின் விட்டம் 1 மீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் ஒன்றரை தடவை தீ பொங்கி மேலெழும். 10 சென்டிமீட்டர் என்றால் நாலைந்து தடவை. மணலி சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் எரியும் தீயைத் திருவொற்றியூர் பக்கமிருந்து பார்த்தால், இவ்வளவு சோம்பலாக அசைகிறதே என்று தோன்றும். தூரம் ஒரு காரணம், அளவு இன்னொரு காரணம். கடாய்த் தீ இரண்டுக்கும் நடுவில்: அடியில் வழவழப்பு, பாதிக்கு மேல் கிழிசல். விளக்குச் சுடரில் செய்த பிரஷ்ஷை இழுத்துப் பெரிதாக்கியதால்தான் பல பேனர்களில் தீ பொம்மையாகத் தெரிகிறது என்பது என் கணிப்பு.

வரையும் முறைக்கு வருகிறேன். நிறத்தைத் தொடவே இல்லை. ஒரு குரூப் லேயர் (பல அடுக்குகளை ஒன்றாகக் கட்டும் உறை) திறந்து அடியில் முழுக் கறுப்பு நிரப்பினேன். அதன் மேல் சாம்பல் நிறத்தில் மட்டும் தீ. எல்லாவற்றுக்கும் மேலே, அதே குரூப்புக்குள், கிரேடியன்ட் மேப் ஃபில்டர் லேயர். அது சாம்பலின் ஒவ்வொரு வெளிச்ச அளவுக்கும் நாம் சொல்லும் நிறத்தைக் கொடுக்கும். கறுப்பு கறுப்பாகவே நிற்கும். கால்வாசி வெளிச்சத்தில் செங்கல்லை விட அடர்ந்த சிவப்பு, பாதியில் ஆரஞ்சு, முக்காலில் மஞ்சள், உச்சியில் வெள்ளை இல்லாமல் லேசான பால் மஞ்சள். குரூப்பின் பிளெண்டிங்கை (அடியில் இருப்பதோடு கலக்கும் விதத்தை) ஸ்கிரீன் என்று மாற்றினால் கறுப்பு மறைந்து தீ மட்டும் போட்டோவின் மேல் நிற்கும். அடிஷன் மோடும் பார்த்தேன். வெளிச்சமான இடங்களில் சீக்கிரம் வெளுத்துவிடுகிறது. இதன் சௌகரியம் என்னவென்றால், வரையும்போது வெளிச்சத்தை மட்டும் யோசித்தால் போதும். நிறம் பிடிக்கவில்லை என்றால் கிரேடியன்ட்டில் ஒரு புள்ளியை நகர்த்தினால் மொத்தத் தீயும் மாறும்.

சாம்பலில் முதலில் மென்மையான ஏர்பிரஷ்ஷால் ஒரு மொத்தையான வடிவம். அப்புறம் ஓரம் கூரான அழிப்பானை எடுத்து வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு போனேன். இந்தத் திருப்பம்தான் படத்தைத் தூக்கியது. கொழுந்தை வரையப் போனால் கை தானாகவே சம அகலத்தில், சம இடைவெளியில் நாக்கு நாக்காகப் போடும். இடையில் இருக்கும் இருட்டை வெட்டினால் அகலங்கள் ஏறுமாறாக விழுகின்றன. ஒவ்வொரு கொழுந்துக்கும் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் கரைசல் என்று விட்டேன். இரண்டு பக்கமும் கூராக இருந்தால் தகரத்தில் வெட்டியது ஆகிவிடும். விளிம்பைத் தொடும் அடிப்பகுதியில் தீ கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி, பின்னால் இருப்பது தெரிய வேண்டும். பலரும் அங்கேதான் அடர்த்தியாக அப்பிவைக்கிறார்கள்.

பிறகு நிறத்தைத் தேய்த்து இழுக்கும் கலர் ஸ்மட்ஜ் பிரஷ்ஷால் மேல்நோக்கி இழுப்பு. பிரஷ் அமைப்பில் ரொட்டேஷனை டிராயிங் ஆங்கிளுக்குக் கொடுத்தால் கை போகும் திசையில் முனை திரும்பும். ஃபஸி டேப் கொஞ்சம் சேர்த்தால் ஒவ்வொரு அச்சும் சற்றே மாறும். டிரான்ஸ்ஃபார்ம் கருவியின் லிக்விஃபை கொண்டு ஓரிரு இடத்தில் வளைத்தேன். லிக்விஃபையை அதிகம் தொட்டால் தீ ஜெல்லியாகிவிடும், ஜாக்கிரதை. இதையே 3 அடுக்காகச் செய்தேன்: பின்னால் மங்கலும் அடர் சிவப்பும், நடுவில் முக்கியத் தீ, முன்னால் மெல்லிய கீற்றுகள்.

இவ்வளவுக்கும் பிறகு தீ நன்றாக இருந்தது, படம் நன்றாக இல்லை. மாஸ்டர் முகத்தில் அந்தத் தீ எரிவதற்கான எந்த அறிகுறியும் இல்லை. எனக்கு இந்த வேலையில் பிடிபட்ட ஒரே பெரிய விஷயம் இதுதான்: தீ நிஜமா என்று கண் முடிவு செய்வது தீயைப் பார்த்து இல்லை, பக்கத்தில் இருப்பவற்றைப் பார்த்து. ஒரு சோதனையாகத் தீ லேயரை மறைத்துவிட்டு, சுற்றியுள்ள வெளிச்சத்தை மட்டும் வரைந்தேன். தாடையின் அடிப்பக்கம், மூக்கின் கீழ், முழங்கையின் உள்பக்கம், கடாய் விளிம்பின் உள்வளைவு, வண்டிக் கூரைத் தகரத்தின் அடி. தீ இல்லாமலே தீ தெரிந்தது.

வண்டியில் வெள்ளை எல்இடி பல்பு எரிகிறது. அது மேலிருந்து நீலம் கலந்த வெளிச்சம், தீ கீழிருந்து ஆரஞ்சு. முகத்தில் இரண்டும் சந்திக்கும் கோடு கன்னத்தின் நடுவில் ஓட வேண்டும். போட்டோவின் மொத்த வெளிச்சத்தைக் குறைத்துக் கொஞ்சம் நீலத்துக்குத் தள்ளினேன். ஆரஞ்சை ஓவர்லே என்ற கலப்பு மோடில் மென்மையாகப் பூசி, வியர்வை பளபளக்கும் இடங்களில் மட்டும், அடியை இன்னும் பளிச்சாக்கும் கலர் டாட்ஜ் மோடில் சின்னப் புள்ளிகள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு என்ற கணக்கை ஏறக்குறைய வைத்துக்கொண்டேன். கடாயைப் பிடித்த கை பளிச், தோள் மந்தம், பின்னால் அடுக்கிய தட்டுகளில் ஒரு நூல் அளவு. எவர்சில்வர் தட்டில் அந்த ஒற்றை ஆரஞ்சுக் கோடு விழுந்ததும் படம் ஒன்றாகிவிட்டது. தீ தன் பங்குக்கு நிழல் வீழ்த்தாது என்பதையும் கவனிக்க வேண்டும். கடாய்க்கும் கரண்டிக்கும்தான் நிழல். தீ அகலமான ஒளி என்பதால் அந்த நிழலின் ஓரமும் மென்மைதான்.

பொறிகள் புள்ளியாக வேண்டாம், சிறு கோடுகளாக, நீளம் மாறி மாறி. தீக்கு மேல் பின்னணியை லிக்விஃபையில் லேசாக நெளித்தால் வெப்ப அலை. புகைக்குத் தொகுப்பிலிருந்த பிரஷ் போதும், அடிப்பக்கம் மட்டும் ஆரஞ்சு சாய்க்க வேண்டும். போகியன்று எடுத்த போட்டோக்கள் புகைக்கு உதவின. தீக்கு உதவவில்லை, எல்லாம் டயர் கறுப்பு.

கடைசியில் ஃப்ளெக்ஸ். திரையில் ஜொலிக்கும் ஆரஞ்சு அச்சில் வராது. நான்கு மை சேர்ந்து அந்தப் பளிச்சை எட்ட முடியாது. பிரிண்ட் கடைப் பையன் ஃபைலைப் பார்த்ததும், "அண்ணே, பாதி கலர் செத்துடும்" என்றான். கிரிட்டாவில் சாஃப்ட் ப்ரூஃபிங் (அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும் வசதி) போட்டுப் பார்த்தால் அவன் சொன்னதுதான் தெரிந்தது. நிறத்தைக் கூட்டிப் பயனில்லை. சுற்றியிருக்கும் இருட்டைக் கூட்டினேன், பால் மஞ்சள் பகுதியைச் சுருக்கினேன், ஆரஞ்சை மெஜந்தா மை 60 சதவீதம், மஞ்சள் மை 100 சதவீதம் பக்கம் நகர்த்தினேன். ஒரு அடி துண்டு அடித்துப் பார்த்ததில் தீ நின்றது. பின்னால் விளக்கு வைக்கும் பேக்லிட் போர்டாக இருந்தால் இன்னும் ஏறும். ஆனால் அதில் கறுப்பு வழியாகவும் வெளிச்சம் கசிந்து மாஸ்டரின் சட்டை சாம்பலாகிறது. சாதா ஃப்ளெக்ஸே போதும் என்று அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது.

அவருக்குத் தீ பிடித்திருக்கிறது. போன் நம்பரைத் தீயின் மேலேயே சிவப்பில், பெரிசாகப் போடச் சொல்கிறார். "அண்ணே, நம்பரே தெரியாது" என்று கீழே இருட்டில் மஞ்சளாக வைத்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.