புகைக்குள்ளால் ஒரு மணம்: தூபத்தூள், மூன்றாவது முயற்சி

முள்ளியவளையில் மழை விட்டாலும் நுளம்பு விடாது. கடையில் வாங்கும் நுளம்புச் சுருளின் நெடி அம்மம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது, சரி, வீட்டிலேயே தூபத்தூள் செய்து பார்ப்போம் என்று போன மாதம் இறங்கினேன்.

முதல் முயற்சி படுதோல்வி. அரைகுறையாகக் காய்ந்த நொச்சி இலையையும் வேப்பிலையையும் இடித்து, சாம்பிராணியோடு கலந்து, சிரட்டைத் தணலில் கொட்டினேன். வீடு முழுக்கப் புகை. "குப்பையோ மோனை கொளுத்துறாய்?" என்று கேட்டுவிட்டு அம்மம்மா முற்றத்தில் போய் இருந்துவிட்டார்.

அடுத்த தடவை இலையை நிழலில் ஒரு கிழமை காயவிட்டு, தோடம்பழத் தோலும் சேர்த்தேன். அரை நிமிடம் நல்ல மணம், அதுக்குப் பிறகு கருகல்.

அன்றிரவு நித்திரை வராமல் பெர்ஃபியூம் என்ற சொல்லின் மூலத்தைத் தேடினேன். லத்தீனில் 'பெர்' என்றால் ஊடாக, 'ஃபூமுஸ்' என்றால் புகை. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது எரிக்கிற பொருளின் வாசப்புகையைத்தான் குறித்தது. போத்தலில் அடைத்துத் தெளிக்கிற மதுசாரக் கரைசலுக்கு அந்தப் பெயர் பிறகுதான் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று, இந்த ஃபூமுஸும் சமஸ்கிருத 'தூம'வும் ஒரே வேரிலிருந்து வந்தவை, அதாவது வால்வெள்ளியைத் தூமகேது என்கிறோமே, அந்தத் தூமம்தான்! சென்ட் போத்தலும் வால்வெள்ளியும் சொந்தக்காரர் என்று யார் நினைத்தது.

ஆனால் எனக்கு உறைத்தது அந்த 'ஊடாக'. புகை வண்டில் மாதிரி, மணம் அதில் ஏறி வருகிற சரக்கு. நான் சரக்கையே எரித்துக்கொண்டிருந்தேன். சாம்பிராணி பிசின்தானே, சூட்டில் உருகினால் மணக்கும், தணலில் நேரே பட்டால் கருகும்.

மூன்றாவது தடவை தணலுக்கு மேல் உமிச்சாம்பலை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, யன்னலைத் திறந்துவிட்டு, அதன் மேல் ஒரு சிட்டிகை தூள் மட்டும் வைத்தேன். சாம்பிராணி மெல்ல இளகிக் குமிழி விட, மெல்லிய வெள்ளைப் புகை எழுந்தது, கால் மணித்தியாலம் மணம் நின்றது. அம்மம்மாவும் எழும்பிப் போகவில்லை, தலையை வேறு விரித்துக் காட்டினார்.

தோடம்பழத் தோல் இன்னும் முந்திக்கொண்டு கருகுகிறது, அதைத் தனியாக இடித்துக் கடைசியில் தூவிப் பார்க்க வேண்டும். நுளம்பு? இருக்கிறது, இதை எழுதும்போதும் காலில் கடிக்கிறது.