எஃப்12 எங்கே போச்சு?

"பார்க்க நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எஃப்12 எங்கே போச்சு?"

ஆறு மாத வேலையை முதன்முதலாகக் காட்டிய அன்று எனக்குக் கிடைத்த விமர்சனம் இதுதான். கேட்டவர் ஆர்டர் பதிவுப் பிரிவில் இருபது வருடமாக இருக்கும் ஒரு அம்மா. எஃப்12 என்பது கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கும் ஒரு கீ. மேலாளர்கள் புதுப் பக்கத்தின் நிறத்தையும் வரைபடங்களையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கீபோர்டின் மேல் கையை வைத்தபடி, அடுத்து விரல் எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் புது முகம் மாட்டிக்கொண்டிருந்தது ஏஎஸ்/400 என்ற கணினியில் ஓடும் ஒரு பழைய மென்பொருளுக்கு. 1988-இல் ஐபிஎம் கொண்டுவந்த இயந்திரம் அது. பிறகு பெயர் பலமுறை மாறிவிட்டது. ஆனால் அதில் வேலை செய்கிறவர்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான். ஆர்பிஜி மொழியில் எழுதிய நிரல்கள். கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து. ஆர்டர், சரக்கு இருப்பு, பில், வசூல் எல்லாம் அதற்குள்தான். நிர்வாகம் சொன்னது ஒரே வரி: உள்ளே எதையும் தொட வேண்டாம், மேலே வெப்பும் மொபைலும் போட்டுக் கொடுங்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை என்றுதான் நானும் நம்பினேன்.

முதலில் பிடித்தது குறுக்கு வழி. ஸ்கிரீன் ஸ்கிரேப்பிங் என்பார்கள். ஒரு ஆள் உட்கார்ந்து பார்ப்பதுபோல எங்கள் நிரலே பச்சைத் திரையைத் திறக்கும். 7-ஆவது வரியில் 32-ஆவது எழுத்திலிருந்து பத்து எழுத்தை எடுக்கும். அது விலை என்று வைத்துக்கொள்ளும். இரண்டே வாரத்தில் ஓடியது, எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் யாரோ அந்தத் திரையில் வாடிக்கையாளர் குறிப்புக்கென்று ஒரு வரி சேர்த்தார். எல்லாம் ஒரு வரி கீழே இறங்கியது. மொபைலில் விலை இருக்க வேண்டிய இடத்தில் எண்ணிக்கை வந்து உட்கார்ந்தது. அவர்மேல் தப்பே இல்லை. அந்தத் திரையை மனிதர்களைத் தவிர வேறொன்றும் படிக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சரி, முறையாகவே செய்வோம் என்று ஏபிஐ எழுதினோம். ஒரு நிரல் இன்னொரு நிரலோடு நேரடியாகப் பேசுவதற்கான வழி அது. வெப்பிலிருந்து வரும் ஆர்டரைத் திரை வழியாக அனுப்பாமல் நேராக டேட்டாபேஸில் எழுதுவது. வேகமாகவும் சுத்தமாகவும் இருந்தது. மூன்றாம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு. பாக்கி கட்டாததால் நிறுத்தி வைத்திருந்த ஒரு வாடிக்கையாளருக்குச் சரக்கு போய்ச் சேர்ந்திருந்தது. டேட்டாபேஸில் அதைத் தடுக்க எதுவுமே இல்லை. கடன் வரம்பைச் சரிபார்க்கும் வரிகள் ஆர்டர் பதிவுத் திரையின் நிரலுக்குள் இருந்தன. வாசல் வழியாக வந்தால்தான் காவல்காரர் தடுப்பார். நாங்கள் சுவரில் ஓட்டை போட்டு உள்ளே போயிருந்தோம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: திரை என்று நான் நினைத்தது வெறும் முகம் அல்ல. வியாபாரத்தின் விதிகளில் பாதி அங்கேதான் குடியிருந்தன. அடுத்த சில வாரங்கள் அந்த நிரலை வரி வரியாகப் படித்தோம். சில சரக்கு முழுப் பெட்டியாகத்தான் போகும், சில வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி இரண்டு தடவை கணக்கிடப்படும், அதுவும் வேண்டுமென்றே, இப்படி நிறைய வந்தது. ஆனால் நிரலில் இல்லாத விதிகளும் இருந்தன. அதற்கு அந்த ஆர்டர் பதிவு அம்மாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியிருந்தது.

அவர் சில ஆர்டர்களில் குறிப்புப் பெட்டியின் முதல் எழுத்தாக ஒரு நட்சத்திரக் குறி போட்டார். எதற்கு என்று கேட்டேன். "அது இருந்தா கிடங்குல அதைத் தனியா எடுத்து வைப்பாங்க. ஆளே நேர்ல வந்து வாங்கிட்டுப் போறவங்க." இருபது வருட நடைமுறை, எந்த ஆவணத்திலும் கிடையாது. எங்கள் புதுப் பக்கமோ, பாதுகாப்பு என்ற பெயரில், அந்தப் பெட்டியிலிருந்து சிறப்புக் குறிகளையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் சேமித்துக்கொண்டிருந்தது. ஒரு கூட்டத்திலும் வெளிவராத விஷயம், பக்கத்தில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் வந்தது.

கடைசியில் 'உள்ளே தொட வேண்டாம்' என்ற வரியை நிர்வாகமே தளர்த்த வேண்டி வந்தது. விதிகளைத் திரை நிரலிலிருந்து பிரித்துத் தனி நிரல்களாக்கினோம். பச்சைத் திரையும் அதைத்தான் அழைக்கும், ஏபிஐயும் அதைத்தான் அழைக்கும். பழையதை ஒரேயடியாக இடிக்காமல், ஒவ்வொரு துண்டாகப் புதியதற்கு மாற்றிக்கொண்டே போவதற்கு, மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபவ்லர் 2004-இல் 'ஸ்ட்ராங்லர்' (நெரிப்பது) என்று ஒரு பெயர் வைத்தார். ஆஸ்திரேலியக் காட்டில், வேறொரு மரத்தின் மேல் முளைத்து அதையே சுற்றி வளைத்துக்கொள்ளும் அத்தி மரங்களைப் பார்த்து வந்த பெயர். பனைமேல் முளைத்த ஆலைப் பார்த்த நமக்கு விளக்கவே வேண்டாம். ஆனால் அந்த உவமையில் பனை கடைசியில் செத்துவிடும். எங்கள் பனை நன்றாகத்தான் இருக்கிறது.

எண்களும் தேதிகளும் தனிச் சில்லறைத் தொல்லை. பழைய கோப்புகளில் தேதி ஏழு இலக்கம்: 1240315 என்றால் 2024 மார்ச் 15. முன்னால் இருக்கும் 1 நூற்றாண்டைக் குறிக்கும். ஆர்டர் குறிப்பெண்கள் 18 இலக்கம். வெப் பக்கங்களை இயக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் முழு எண்களைத் துல்லியமாக வைத்துக்கொள்வது 9007199254740991 வரைதான். அதற்கு மேல் போனால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும், பிழைச் செய்தி ஏதும் வராது. குறிப்பெண்ணை எழுத்தாகவே அனுப்ப வேண்டும் என்று கற்றுக்கொள்வதற்குள் ஒரு நாள் முழுக்க இல்லாத ஆர்டர்களைத் தேடினோம்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் காத்திருப்பதில் இருந்தது. பச்சைத் திரையில் ஒருவர் ஒரு ஆர்டரைத் திருத்தத் திறந்தால் அது பூட்டிக்கொள்ளும். அவர் சாப்பிடப் போய்விட்டால், "யாருப்பா அந்த ஆர்டரைத் திறந்து வச்சிருக்கிறது?" என்று அறைக்குள் ஒரு குரல் எழும், யாராவது மூடுவார்கள். ஒரே அறையில் இருப்பவர்களுக்கு அது போதும். மொபைலில் திறந்தவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். அதனால் பூட்டுவதை விட்டுவிட்டு, சேமிக்கும் நேரத்தில் மட்டும் 'நீங்கள் திறந்த பிறகு இது மாறியிருக்கிறதா' என்று ஒப்பிடும்படி மாற்றினோம். அதேபோல நெட்வொர்க் மெதுவாக இருக்கும்போது பட்டனை இரண்டு தடவை தட்டுவார்கள், ஆர்டர் இரண்டாகும். தட்டுகிறவரைத் திட்டிப் பயனில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாக்கி அனுப்பினோம். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே திருப்பிக் கொடுக்கும்.

மொபைல் ஆப்பின் முதல் வடிவத்தில் ஆர்டர் திரையின் நாற்பது பெட்டிகளையும் அப்படியே கொண்டுவந்திருந்தேன். கிடங்கில் கையுறை போட்ட விரலோடு, அடுக்குகளுக்கு நடுவே சிக்னல் இல்லாத இடத்தில் நிற்பவருக்கு அது எதற்கு? பார்கோடு படிப்பது, எண்ணிக்கை போடுவது, முடிந்தது என்று சொல்வது. இந்த மூன்றை மட்டும் வைத்து மீதியை எடுத்தபோது ஒருவரும் எதையும் காணோம் என்று கேட்கவில்லை.

எஃப்12-க்கு வருகிறேன். பச்சைத் திரையில் அது 'ஒரு படி பின்னால்'. எஃப்3 வெளியேற, எஃப்4 பட்டியலைக் காட்ட. அந்த அம்மா திரையைப் பார்த்து வேலை செய்யவில்லை, விரல்களின் தாளத்தில் செய்தார். திரை வந்து சேரும் முன்பே அடுத்த மூன்று பெட்டிக்கானதைத் தட்டி முடித்திருப்பார். என் பக்கத்திலோ கீபோர்டை விட்டு மவுஸை எடுத்து ஐந்து கிளிக். அதோடு பிரௌசருக்கும் இதே கீகள்மேல் ஆசை: எஃப்3 தேடல், எஃப்5 அழுத்தினால் பாதி அடித்த ஆர்டரோடு பக்கம் புதிதாகிவிடும், எஃப்12 டெவலப்பர் டூல்ஸ், அதாவது பக்கத்தின் நிரலைப் பார்க்க எங்களைப் போன்றவர்கள் திறக்கும் பலகை. ஒவ்வொன்றாகப் பிரௌசரிடமிருந்து பிடுங்கிப் பழைய வேலையைக் கொடுத்தேன். டேப் கீ அழுத்தினால் பெட்டிக்குப் பெட்டி தாவும் வரிசையைப் பழைய திரையின் வரிசைக்கே மாற்றினேன். அழகான கீழிறங்கும் பட்டியல்களை எடுத்துவிட்டுக் குறியீட்டை நேரடியாக அடிக்கும் பெட்டிகளை வைத்தேன். வடிவமைப்பாளர் என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

இப்போது அந்த அம்மா வெப் பக்கத்தில்தான் ஆர்டர் போடுகிறார். மாத முடிவில் மட்டும் பச்சைத் திரையைத் திறக்கிறார். ஏன் என்று இன்னும் போய் உட்கார்ந்து பார்க்கவில்லை. நானோ, போன வாரம் வேறெதோ தளத்தில் ஒரு படிவம் நிரப்பும்போது, முந்தைய பக்கத்துக்குப் போக எஃப்12 அழுத்தினேன். பாதித் திரைக்கு டெவலப்பர் டூல்ஸ் திறந்து நின்றது.